யூத வீட்டுச் சமையலறையில் முதல் மாதம்: பராமரிப்பு வேலைக்குப் போகிறவர்களுக்கு

இஸ்ரேலில் முதியோரைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு இலங்கையிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் போகிறவர்கள், ஆளைத் தூக்கி உட்காரவைக்கவும் மருந்து கொடுக்கவும் பழகிக்கொண்டுதான் போகிறார்கள். தடுமாற்றம் சமையலறையில்தான் தொடங்குகிறது. இரண்டு சிங்க், இரண்டு தொகுதிப் பாத்திரங்கள், தொட வேண்டாம் என்று சொல்லப்படும் வைன் போத்தல், வெள்ளிக்கிழமை மாலையானதும் யாருமே கைவைக்காத சுவிட்சுகள். "இறைச்சியும் பாலும் சேரக்கூடாது, அவ்வளவுதான்" என்று யாராவது சொல்லி அனுப்பியிருப்பார்கள். அது போதாது. மதச் சட்டத்தைக் கடைப்பிடிக்கும் வீட்டில் சமைக்கப் போகிறவருக்கு வேண்டிய விவரங்களை இங்கே வேலை நடக்கும் வரிசையிலேயே தருகிறோம்.

ஒன்றை முதலிலேயே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். யூத மதச் சட்டமான ஹலாகா, சூடு எவ்வளவு, அளவு எவ்வளவு, எத்தனை மணிக்கு என்ற விவரங்களின் மேல் நிற்கிறது. ஒரு கரண்டி தவறான பானைக்குள் போய்விட்டால் சோற்றைக் கொட்ட வேண்டுமா, சாப்பிடலாமா என்று முடிவு செய்பவர் ரபி, அதாவது யூத மதகுரு. அவருக்கு வேண்டிய விவரம் முழுவதும் அடுப்பருகே நின்ற உங்களிடம்தான் இருக்கும். பயந்துபோய்க் கழுவி மறைத்தால் விவரம் போய்விடும். விவரம் இல்லாத இடத்தில், கொட்ட வேண்டாததையும் கொட்ட நேரும்.

முதல் நாளே கேட்டுவைக்க வேண்டியவை

எல்லா யூத வீட்டிலும் ஒரே நடைமுறை இல்லை. இன்றைக்கும் அடிப்படையாக இருக்கும் சட்டத் தொகுப்பு 'ஷுல்ஹான் அரூக்'. சஃபேத் நகரில் வாழ்ந்த யோசேஃப் காரோ எழுதி, 1565-இல் வெனிஸில் அச்சானது. அதன்மேல் போலந்தின் கிராக்கோவ் நகர ரபி மோசே இஸ்ஸர்லெஸ் தம் ஊர் வழக்கங்களைக் குறிப்புகளாகச் சேர்த்தார். வட ஆப்பிரிக்கா, ஈராக், சிரியா போன்ற இடங்களிலிருந்து வந்த செஃபர்தி, மிஸ்ராஹி குடும்பங்கள் பெரும்பாலும் காரோ சொன்னபடி நடக்கின்றன. ஐரோப்பாவிலிருந்து வந்த அஷ்கெனாசிக் குடும்பங்கள் இஸ்ஸர்லெஸ் சொன்னபடி. அடுப்பை யார் பற்றவைப்பது என்பது வரைக்கும் இந்த வேறுபாடு உங்கள் கைவேலையைத் தொடும்.

ஆகவே குடும்பத்தாரிடம், அநேகமாக மகளிடமோ மருமகளிடமோ, இவற்றைக் கேளுங்கள்:

1. நீங்கள் அஷ்கெனாசியா, செஃபர்தியா?
2. இறைச்சி சாப்பிட்ட பிறகு பால் பொருளுக்கு எத்தனை மணி நேரம் காத்திருப்பீர்கள்? (பெரும்பாலோர் 6 மணி. ஜெர்மன் வழக்கம் 3, டச்சு வழக்கம் 1.)
3. சமையலுக்கு அடுப்பை யார் மூட்டுவது, எப்படி?
4. சந்தேகம் வந்தால் எந்த ரபியைக் கேட்பீர்கள்? உங்களை எந்த நேரத்தில் போனில் பிடிக்கலாம்?
5. எனக்கென்று தனியாக ஒரு பானை, ஒரு வாணலி, ஒரு கத்தி, ஒரு தட்டு வைத்துக்கொள்ளலாமா? எங்கே வைக்க?

ஐந்தாவதைக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். அவர்களுக்கும் அதுதான் நிம்மதி. உங்கள் பாத்திரத்தில் உங்கள் சாப்பாடு என்று ஆகிவிட்டால் கீழே சொல்லப்போகும் பாதிச் சிக்கல்கள் எழவே எழாது. ஆனால் பன்றி, இறால், நண்டு, கணவாய் ஆகியவற்றை உங்கள் பாத்திரத்தில்கூட அந்த அடுப்பில் சமைக்காதீர்கள். மைக்ரோவேவிலும் வைக்காதீர்கள்.

மூன்று வகை, மூன்று நிறம்

இறைச்சி சார்ந்தவை 'பஸாரி', பால் சார்ந்தவை 'ஹலாவி', இரண்டும் இல்லாதவை 'பார்வே'. கோழி பஸாரிதான். மீன், முட்டை, காய்கறி, அரிசி, பருப்பு, எண்ணெய் ஆகியவை பார்வே. பல வீடுகளில் கரண்டியின் பிடியிலோ பானையின் காதிலோ நிறம் ஒட்டியிருக்கும். சிவப்பு இறைச்சிக்கு, நீலம் பாலுக்கு, பச்சை பார்வேக்கு என்பது பரவலான வழக்கம். உங்கள் வீட்டில் வேறாக இருந்தால் ஒரு துண்டுத் தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுங்கள். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்ச், துடைக்கும் துணி, வடிதட்டு எல்லாம் இரண்டிரண்டு. முதல் வாரத்தில் பெரும்பாலோர் பிசகுவது பானையில் அல்ல, இந்த ஸ்பாஞ்சில்தான்.

நம் கைப்பழக்கம் நம்மை ஏமாற்றும் இடங்கள் சில உண்டு.

நெய் பால் பொருள். தாளிப்புக்கு ஒரு சொட்டு நெய் விடும் கை, கோழிக் குழம்பிலும் தன்னையறியாமல் விட்டுவிடும். நெய்யையும் தயிரையும் ஹலாவி அலமாரியைத் தாண்டி வெளியே கொண்டுவராதீர்கள்.

தேங்காய்ப் பால் பார்வே. கோழியோடு சேர்க்கத் தடையில்லை. ஆனால் பார்க்கிறவருக்கு மாட்டுப் பால் போலத் தெரியும். பாதாம் பாலில் கோழி சமைத்தால் பக்கத்தில் பாதாம் பருப்பு வைக்க வேண்டும் என்று இஸ்ஸர்லெஸ் எழுதிவைத்திருக்கிறார். அதே வழியில் தேங்காய்ப் பால் டப்பாவை மேசையில் வைத்துவிட்டால் பேச்சே எழாது. தேங்காய்ப் பால் பவுடர் கதை வேறு. பல பாக்கெட்டுகளில் பாலிலிருந்து எடுத்த கேசினேட் சேர்க்கிறார்கள். கோஷர் (மதச் சட்டப்படி உண்ணத் தக்கது) என்ற முத்திரையும் 'பார்வே' என்ற சொல்லும் இல்லாத பவுடரைச் சமையலறைக்குள் கொண்டுவர வேண்டாம்.

மீன் பார்வே என்றாலும் இறைச்சியோடு ஒரே பானையிலோ ஒரே தட்டிலோ வைக்கமாட்டார்கள். உடம்புக்கு ஆகாது என்பது தல்மூத் (பழைய யூதச் சட்ட விவாதங்களின் தொகுப்பு) காலத்து எச்சரிக்கை. செஃபர்திகளில் பலர் மீனோடு பாலையும் சேர்ப்பதில்லை. மீனுக்குச் செதிலும் துடுப்பும் இரண்டும் இருக்க வேண்டும் என்பதால் கெளுத்தி, சுறா, விலாங்கு ஆகாது. தோலுரித்துத் துண்டு போட்ட மீனைச் சந்தையில் பார்த்து வாங்கிவராதீர்கள். எந்த மீன் என்று காட்டச் செதில் இருக்காது. ஊரிலிருந்து வந்த மாசிக்கருவாடு சூரை மீனில் செய்ததே என்றாலும் முத்திரை இல்லாததால் அவர்கள் குழம்புக்குள் போகக்கூடாது.

பாக்கெட்டைப் படிப்பது

கோஷர் முத்திரையில் மூன்றைப் பாருங்கள்: யார் சான்று கொடுத்தது, எந்த வகை, பெஸாஹ் பண்டிகைக்கு உகந்ததா. இஸ்ரேலில் அரசின் தலைமை ரபினேட் சான்று பொதுவானது. அதற்கு மேல் 'மெஹத்ரின்' என்ற கடுமையான தரமும், ஏதா ஹரேதித் போன்ற தனி அமைப்புகளின் முத்திரைகளும் உண்டு. சில குடும்பங்கள் குறிப்பிட்ட முத்திரை இருந்தால்தான் சாப்பிடும். பஸாரி, ஹலாவி, பார்வே என்ற மூன்று சொற்களையும் எபிரேய எழுத்தில் ஒரு அட்டையில் எழுதித் தரச் சொல்லுங்கள். தீர்ந்த பாக்கெட்டின் அட்டையைக் கிழித்து எடுத்துக்கொண்டு கடைக்குப் போவது அதைவிடச் சுலபம். அதே படம், அதே முத்திரை இருந்தால் வாங்கலாம்.

இறைச்சி வீட்டுக்கு வந்தால் கூடுதல் கவனம் வேண்டும். அது இரண்டு முத்திரைகளோடு மூடி வரும். நீங்களே பிரித்து, சின்னப் பைகளில் போட்டு ஃப்ரீசரில் அடுக்கினால் வேலை முடிந்ததென்று தோன்றும். ஆனால் அடையாளம் போன இறைச்சி எங்கிருந்து வந்தது என்பது கேள்வியாகிவிடும். வீட்டு ஆள் வரும்வரை மூடியபடியே ஃப்ரீசரில் வையுங்கள். மூடி கிழிந்து வந்திருந்தால் அதை மறக்காமல் சொல்லுங்கள். உப்பிட்டு இரத்தம் நீக்கும் வேலை (அரை மணி நேரம் ஊறவைத்து, ஒரு மணி நேரம் உப்பில் வைத்து, மூன்று முறை கழுவுவது) இப்போது கசாப்புக் கடையிலேயே முடிந்துவிடும். ஈரல் மட்டும் விலக்கு. அதை நெருப்பில் நேரடியாகச் சுட்ட பிறகே பானையில் போடலாம். ஃப்ரீசரில் ஈரல் கண்டால் கேட்காமல் சமைக்காதீர்கள்.

வைன் போத்தல் மூடியிருந்தால் எடுத்து வைப்பதில் தவறில்லை. திறந்த பிறகு, காய்ச்சப்படாத வைனை யூதரல்லாதவர் ஊற்றினாலோ தொட்டாலோ அவர்கள் குடிக்கமாட்டார்கள். திராட்சைச் சாற்றுக்கும் இதே விதிதான். லேபிளில் 'மெவுஷால்' என்றிருந்தால் காய்ச்சியது, அதற்கு இந்தத் தடை இல்லை. இது உங்களை இழிவுபடுத்த எழுந்த வழக்கமோ என்று மனம் நோகலாம். பிற மதத்தாரின் சிலை வழிபாட்டில் வைன் படைக்கப்பட்ட காலத்தில் பிறந்த விதி இது. வீட்டார் பலரும் இதைச் சொல்லத் தயங்குவார்கள். நீங்களே போத்தலை அவர்கள் பக்கம் நகர்த்திவைத்தால் அவர்களுக்கும் சங்கடம் தீரும்.

மகளோ அண்டைவீட்டாரோ சாவி வைத்துக்கொண்டு சொல்லாமல் வந்துபோவதையும் சந்தேகம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். யூதர் ஒருவர் எந்த நேரமும் உள்ளே வரக்கூடும் என்ற நிலையே, சமையலறைக்குச் சட்டப்படி ஒரு மேற்பார்வை ஆகிறது. நினைவு தப்பிய முதியவர் மட்டும் இருக்கும் வீட்டில் இது மிக முக்கியம்.

கீரை, மாவு, முட்டை

பூச்சிதான் இங்கே பெரிய விஷயம். கண்ணுக்குத் தெரியும் பூச்சி ஒன்றைச் சாப்பிடுவது பன்றி இறைச்சியைவிட அதிகத் தடைகளை மீறுவதாக எண்ணப்படுகிறது. கொத்தமல்லி, கீரை, லெட்யூஸ் போன்றவற்றைப் பூச்சி இல்லாமல் வளர்த்து முத்திரையோடு விற்கிறார்கள். விலை கூடுதல் என்றாலும் அதையே வாங்கச் சொல்வார்கள். சாதாரணக் கீரை என்றால் இலை இலையாகப் பிரித்து, சிறிது பாத்திர சோப்பு கலந்த தண்ணீரில் சில நிமிடம் ஊறவைத்து, ஒவ்வோர் இலையையும் இருபுறமும் ஓடும் தண்ணீரில் கழுவி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்க வேண்டும். ஸ்ட்ராபெரிக்குக் காம்போடு மேல்பகுதியை வெட்டிவிட்டு இதே கழுவல். கோலிஃபிளவரை வீட்டார் பார்க்கட்டும். மாவைச் சலித்து, பருப்பையும் அரிசியையும் தட்டில் பரப்பிப் பார்க்கும் நம் பழக்கம் இங்கே அப்படியே செல்லும்.

முட்டையை நேராக மாவில் உடைக்காதீர்கள். கண்ணாடி டம்ளரில் ஒவ்வொன்றாக உடைத்து, இரத்தப் புள்ளி இருந்தால் எறிந்துவிட்டு, டம்ளரைக் கழுவி, அடுத்ததை உடையுங்கள். 

சப்பாத்திக்கோ ரொட்டிக்கோ பெரிய அளவில், ஏறத்தாழ 1.2 கிலோ மாவுக்கு மேல், அவர்களுடைய மாவைப் பிசைந்தால் சுடும் முன் வீட்டு ஆளைக் கூப்பிடுங்கள். பிசைந்ததிலிருந்து ஒரு சிறு உருண்டையைப் பிரித்தெடுத்து எரித்துவிடுவது அவர்கள் கடமை. தோட்டத்து எலுமிச்சையைப் பறித்தாலும் அவர்களைக் கூப்பிடுங்கள். விளைச்சலில் மதச் சட்டப்படி பிரிக்க வேண்டிய பங்கை, கடையில் சான்றோடு வாங்கியதற்குப் பிரித்தாயிற்று. கொல்லை மரத்துக் காய்க்குப் பிரித்திருக்கமாட்டார்கள்.

அடுப்பை மூட்டுவது

யூதரல்லாதவர் மட்டுமே சமைத்த உணவை, பொருள்கள் எல்லாம் கோஷராக இருந்தாலும், யூதர் உண்பதில்லை. தீர்வு எளிது. அஷ்கெனாசி வீட்டில் வீட்டு ஆள் அடுப்பை மூட்டினாலே போதும், மீதியை நீங்கள் செய்யலாம். செஃபர்தி வீட்டில் பானையைத் தீயின்மேல் வைப்பதும் அவர்கள் கையாக இருக்க வேண்டும். சாவ்தா, அதாவது பாட்டி, படுக்கையில் இல்லாமல் நாற்காலியில் இருந்தால் அவரைச் சமையலறைக்குத் தள்ளிக்கொண்டுபோய், கையைப் பிடித்து சுவிட்சைப் போடச் செய்யலாம். பானையையும் அவர் கையைச் சேர்த்துப் பிடித்து வைக்கலாம். பல முதியவர்களுக்கு அன்றைய நாளில் தாம் செய்த ஒரு வேலை அதுவாகவே இருக்கும். ஆகையால் அவசரப்படுத்தாதீர்கள்.

நடுவில் தீ அணைந்துபோவதுதான் அடிக்கடி நேரும் பிசகு. தன்னிச்சையாக லைட்டரை எடுப்போம். எடுக்காதீர்கள். கூப்பிட்டு மீண்டும் மூட்டச் சொல்லுங்கள். காலையில் வீட்டார் வேலைக்குப் போகும் முன் ஒரு அடுப்பைச் சிறு தீயில் எரியவிட்டுப் போவதும் உண்டு. அதிலிருந்து மற்றதை மூட்டலாமா என்று அவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பச்சையாகவே சாப்பிடக்கூடிய காய், பழங்களுக்கு இந்த விதி இல்லை. டீ, காபிக்குத் தண்ணீர் கொதிக்கவைப்பதற்கும் இல்லை. சோறு, முட்டை, மீன், இறைச்சி, உருளைக்கிழங்கு ஆகியவற்றுக்கு உண்டு.

புதிதாக வாங்கிய உலோக, கண்ணாடிப் பாத்திரங்களை 'மிக்வே' என்ற நீர்த்தொட்டியில் மூழ்கவைத்த பிறகே வீட்டார் பயன்படுத்துவார்கள். பெட்டி பிரிக்காமல் அலமாரியில் கிடக்கும் புதுப் பானை ஒன்று கண்ணில் பட்டால் அதில் சமைத்துவிடாதீர்கள்.

வெங்காயமும் பெருங்காயமும்

சூடு இல்லாவிட்டால் பாத்திரம் ருசியை இழுக்காது, தண்ணீரில் அலசினால் போதும் என்பது பொது விதி. காரமும் உறைப்பும் உள்ள பொருள்கள் இந்த விதியை உடைத்துவிடும். இறைச்சிக் கத்தியால் பச்சை வெங்காயம் நறுக்கினால், கத்தியின் அழுத்தமும் வெங்காயத்தின் காரமும் சேர்ந்து கத்தியில் ஊறிய இறைச்சி ருசியை வெளியே இழுத்துவிடும். அந்த வெங்காயம் இனி பால் கறிக்கு ஆகாது. பூண்டு, முள்ளங்கி, எலுமிச்சை, மிளகாய், இஞ்சி எல்லாம் இந்தக் கணக்கில் வரும். இந்த விவாதம் தல்மூத்தில் தொடங்கும் இடங்களில் ஒன்று பெருங்காயம். யூதரல்லாதவரின் கத்தியால் வெட்டிய பெருங்காயத்தை ஏன் விலக்க வேண்டும் என்பதற்கு, அதன் காரம் கத்தியில் கெட்டுப்போன பழைய ருசியையும் எழுப்பிவிடும் என்று காரணம் சொல்கிறார்கள்.

ஆகவே வெங்காயத்துக்கும் பூண்டுக்கும் ஒரே ஒரு பார்வே கத்தி, ஒரு பார்வே பலகை என்று பிரித்துவிடுங்கள். மிக்ஸி ஜாருக்கும் இதே ஒழுங்கு. நம் சமையலில் எல்லாமே இஞ்சி பூண்டு விழுதிலும் வெங்காயத்திலும் தொடங்குவதால், இந்த ஒரு பிரிப்பு மற்ற பத்து விதிகளைவிட அதிகப் பயன் தரும்.

தவறு நடந்துவிட்டால்

பால் கரண்டி கோழிக் குழம்புக்குள் போய்விட்டது. அல்லது பக்கத்து அடுப்பில் பால் பொங்கி இறைச்சிப் பானையின் வெளிப்புறத்தில் வழிந்துவிட்டது. செய்ய வேண்டியது இவ்வளவுதான்:

கரண்டியை வெளியே எடுத்துத் தனியாக ஒரு தட்டில் வையுங்கள். கழுவாதீர்கள். வார நாளானால் அடுப்பை அணையுங்கள். குழம்பைக் கலக்காதீர்கள், வேறு பாத்திரத்துக்கு மாற்றாதீர்கள். தண்ணீர் ஊற்றிப் பெருக்கவே கூடாது. விழுந்ததை அமுக்குவதற்காக வேண்டுமென்றே அளவு கூட்டுவது சட்டத்தில் செல்லாது. பிறகு நேரத்தைக் குறித்துக்கொண்டு போன் செய்யுங்கள்.

ரபி கேட்கப்போவது என்ன என்று தெரிந்தால் எதைக் கவனிப்பது என்பதும் விளங்கும்.

சூடாக இருந்ததா? கை சட்டென்று பின்வாங்கும் சூடு என்பது அளவுகோல். ஏறத்தாழ 45 டிகிரி செல்சியஸ் என்று கொள்கிறார்கள். இரண்டு பக்கமும் ஆறியிருந்தால் அநேகமாக அலசுவதோடு முடியும்.

அந்தக் கரண்டி கடைசியாகச் சூடான பாலில் எப்போது பட்டது? 24 மணி நேரம் கடந்திருந்தால் உள்ளே ஊறிய ருசி கெட்டுவிட்டதாகக் கணக்கு. குழம்பைச் சாப்பிடலாம், கரண்டியைத்தான் சரிசெய்ய வேண்டும். காலையில் கஞ்சி கிண்டிய கரண்டி என்றால் கதை வேறு. (குழம்பில் காரப் பொருள் இருந்தால் இந்த 24 மணிச் சலுகை குறையும். அதையும் சொல்லுங்கள்.)

எவ்வளவு? விழுந்ததைப்போல் 60 மடங்கு குழம்பு இருந்தால் ருசி மறைந்துவிட்டதாகக் கொள்வார்கள். எடையல்ல, கொள்ளளவு. 10 மில்லி பால் என்றால் 600 மில்லி வேண்டும். கரண்டி என்றால் குழம்புக்குள் மூழ்கிய பகுதி முழுவதையும் கணக்கில் எடுப்பார்கள். அதே அளவுள்ள வேறு கரண்டி ஒன்றைத் தளும்ப நிறைத்த டம்ளரில் அதே ஆழத்துக்கு இறக்கி, வழிந்த தண்ணீரை அளந்தால் விடை கிடைக்கும். 15 மில்லி வழிந்தால் 900 மில்லி குழம்பு தேவை.

எங்கே விழுந்தது? குழம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த துண்டின் மேல் சொட்டியதா, குழம்பிலா? பானையின் வெளிப்புறத்தில் வழிந்தது என்றால் உள்ளே குழம்பு நிற்கும் மட்டத்துக்கு மேலா, கீழா? ஒரு போட்டோ எடுத்துவைத்தால் வாயால் விளக்கும் பாடு மிச்சம்.

கோழியா, மாடா? மாட்டு இறைச்சியும் பாலும் தோராவின் (மோசேயின் ஐந்து வேத நூல்களின்) தடை. கோழியும் பாலும் பிற்கால அறிஞர்கள் போட்ட வேலி. தோராவின் தடையில் சந்தேகம் வந்தால் கடுமை, அறிஞர் விதியில் சந்தேகம் வந்தால் தளர்வு என்பது அடிப்படை. இதனால் கோழி விஷயத்தில் வழி கிடைக்கும் வாய்ப்பு கூடுகிறது.

கொட்டினால் என்ன நஷ்டம்? இதைச் சிலர் கேட்டு வியப்பார்கள். பெரிய நஷ்டம், ஷபாத்துக்கு (வெள்ளி மாலை முதல் சனி இரவு வரையான ஓய்வு நாளுக்கு) வேறு உணவு இல்லாத நிலை, வீட்டின் வறுமை ஆகியவற்றை ரபி கருத்தில் எடுப்பார். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு எட்டுப் பேருக்கான சாப்பாடு என்றால் அதையும் சொல்லத்தான் வேண்டும்.

நீங்கள் முந்திக்கொண்டு தீர்ப்பு சொல்ல வேண்டாம். போன மாதம் வேறு வீட்டில் இதே போல் நடந்து சாப்பிட்டார்கள் என்பது இங்கே சான்றாகாது. சூடும் அளவும் வேறாக இருந்திருக்கும், வழக்கமும் வேறாக இருக்கும். ஒரு ரபி கூடாது என்றதை இன்னொருவரிடம் கொண்டுபோய் ஆகும் என்று வாங்கவும் முடியாது.

கெட்ட பாத்திரம் உலோகமாக இருந்தால் பெரும்பாலும் மீட்கலாம். நன்றாகத் தேய்த்து, 24 மணி நேரம் சும்மா வைத்து, கொதிக்கும் தண்ணீரில் முழுவதும் மூழ்கவைத்து, பிறகு குளிர்ந்த தண்ணீரில் அலசுவார்கள். வாணலி, சுடும் கம்பி போல் நெருப்பில் நேராகப் பட்டவற்றுக்கு நெருப்பே தேவைப்படும். மண்பாத்திரத்துக்கு மீட்பு இல்லை. நம் மண்சட்டியை ஆசையாகக் கொண்டுபோகிறவர்கள் அதை உங்கள் சொந்தச் சமையலுக்கே வைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமை மாலை முதல்

ஷபாத் மெழுகுவர்த்தி ஏற்றும் நேரம் சூரியன் மறைவதற்குச் சுமார் 20 நிமிடம் முன்பு. எருசலேமில் 40, ஹைஃபாவில் 30. அதற்குள் முடிய வேண்டியவை: எல்லா உணவும் முழுவதும் வெந்து, 'பிளாத்தா' என்ற மின்தட்டின் மேல் ஏறியிருக்க வேண்டும். வெந்நீர்க் கலன் நிறைந்து கொதித்திருக்க வேண்டும். ஃபிரிட்ஜ் விளக்கை அணைத்துவைக்க வேண்டும். டாய்லெட் பேப்பர் துண்டுகளாகக் கிழித்திருக்க வேண்டும். டப்பா, போத்தல் மூடிகள் திறந்திருக்க வேண்டும். ஒரு நாள் முழுவதற்குமான மாத்திரைகள் எடுத்துவைத்திருக்க வேண்டும்.

நீங்கள் யூதரல்லாதவர் என்பதால் உங்களுக்கு இந்தத் தடைகள் இல்லை. உங்கள் அறையில் விளக்குப் போடலாம், போன் பேசலாம். சிக்கல் நீங்கள் அவர்களுக்காகச் செய்வதில்தான். இருட்டாக இருக்கிறதே என்று அவர்களுக்காகக் கூடத்து விளக்கைப் போட்டால், அந்த வெளிச்சத்தை அவர்கள் பயன்படுத்தக்கூடாது. அன்பாகச் செய்தது அவர்களை அறையைவிட்டே வெளியேற்றிவிடும். உங்களுக்குத் தேவைப்பட்டு நீங்கள் போட்ட விளக்கில் அவர்களும் உட்காரலாம். "இங்கே இருட்டாக இருக்கிறது" என்று அவர்கள் சும்மா சொல்வதுபோல் சொன்னால் அது பெரும்பாலும் ஒரு குறிப்பு. வீட்டாரின் குறிப்புப் பேச்சு ஓரிரு வாரத்தில் பிடிபட்டுவிடும். ஆறிய சூப்பை நீங்களாகச் சூடாக்காதீர்கள், பிளாத்தாவைத் தொடாதீர்கள்.

நோயாளி விஷயம் தனி. படுக்கையில் கிடப்பவர், உடம்பு முழுவதும் தளர்ந்தவர் என்றால் அவருக்கு வேண்டியதை யூதரல்லாதவரிடம் நேராகவே கேட்கலாம். மின்கட்டிலை உயர்த்துவது, நெபுலைசர், சர்க்கரை அளக்கும் கருவி, உணவைச் சூடாக்குவது எல்லாம் உங்கள் வேலையாகவே இருக்கும். இதை முன்கூட்டியே குடும்பத்தாருடன் ஒரு பட்டியலாகப் பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

உயிருக்கு ஆபத்து என்றால் எந்தப் பட்டியலும் இல்லை. நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், மயக்கம், பக்கவாத அறிகுறி தெரிந்தால் உடனே 101, மாகேன் டேவிட் ஆடோம் ஆம்புலன்ஸ். ரபியைக் கேட்க வேண்டாம், மகனைத் தேட வேண்டாம், ஷபாத் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இந்த நேரத்தில் அனுமதி கேட்டு நிற்பவன் இரத்தம் சிந்துகிறவன் என்று ஷுல்ஹான் அரூக்கே கடிந்து சொல்கிறது. உயிர் காக்க ஷபாத்தை மீறுவது அவர்களுக்கு விலக்கல்ல, கட்டளை.

பெஸாஹ் வருகிறபோது

வசந்த காலத்தில் வரும் பெஸாஹ் பண்டிகை இஸ்ரேலில் ஏழு நாள். கோதுமை, வாற்கோதுமை, ஓட்ஸ், ரை, ஸ்பெல்ட் ஆகிய ஐந்து தானியங்களில் புளித்த எதுவும் யூதரின் உடைமையில் இருக்கக்கூடாது. சாப்பிடாமல் வைத்திருப்பதும் தடை. வழக்கமான பாத்திரங்கள் கட்டி ஏறக்கட்டப்பட்டு வேறு தொகுதி இறங்கும்.

உங்களுக்கு இரண்டு இடத்தில் இடிக்கும். முதலாவது, அஷ்கெனாசிகள் அரிசி, பருப்பு வகைகள், சோளம், கடுகு, எள் எதையும் அந்த வாரம் சாப்பிடுவதில்லை. செஃபர்திகளில் பலர் அரிசியை மூன்று முறை பொறுக்கிப் பார்த்துவிட்டுச் சமைப்பார்கள். எந்த வீடு என்று தெரியாமல் சாம்பார் பொடியை எடுக்காதீர்கள். இரண்டாவது, பெருங்காயம். கடையில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். அது கொஞ்சமாக இருந்தாலும் பெஸாஹில் 60 மடங்குக் கணக்கு உதவாது. அந்த வாரத்துக்குள் துளி விழுந்தாலும் பானை முழுவதும் போய்விடும். ரவை, சேமியா, இன்ஸ்டன்ட் நூடுல்ஸ், பிஸ்கட், பியர் எல்லாமும் அப்படியே.

ஒரு மாதம் முன்பே உங்கள் சாமான்களைத் தனியே பிரித்து எண்ணிவையுங்கள். உங்கள் காசில் வாங்கிய, உங்களுக்குச் சொந்தமான பொருளை, வீட்டார் பொறுப்பேற்காத நிலையில், உங்கள் அறையில் பூட்டிவைக்கச் சட்டத்தில் இடம் உண்டு. அவர்கள் வாங்கித் தந்த மாவுக்கு அந்த இடம் இல்லை. எது யாருடையது என்பதை அப்போது பேசி முடித்துவிடுங்கள். அவர்கள் மேசையில் உங்கள் ரொட்டியைக் கொண்டுவந்து சாப்பிடக்கூடாது. அறையில் சாப்பிட்டாலும் கை கழுவி, துணியை உதறிவிட்டுச் சமையலறைக்குள் வாருங்கள். பண்டிகை வாரத்தில் உருளைக்கிழங்கு, முட்டை, மீன், தேங்காய், காய்கறி என்று ஒப்பேற்றலாம். மசாலாவுக்கு அந்த வருடத்து பெஸாஹ் முத்திரை உள்ள மஞ்சளும் மிளகும் வாங்கித் தரச் சொன்னால் வாங்கித் தருவார்கள்.